கச்சத்தீவும் அண்டை நட்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் நாடகமும் நிறைந்த நாள். குழந்தைகள் ஒப்பனை செய்துகொண்டு திரைக்குப் பின்னால் காத்திருக்கும் வேளையில், நாடுகளின் எல்லை, தூது, உடன்படிக்கை என்னும் கனத்த பொருளை எடுத்துக்கொண்டு நாம் மேடைக்கு வந்திருக்கிறோம். பொறுமையோடு சற்று நேரம் செவி சாய்க்க வேண்டுகிறோம்.

நாச்சாரம் கடற்கரை ஊர் அன்று. இங்கே அலையோசை கேட்பதில்லை. ஆலைகளின் ஓசைதான் கேட்கிறது. பிழைப்பு நாடி, தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்து, இந்தப் பாறை நிலத்தில் வேரூன்றியவர்கள் நாம். ‘கடலுக்கும் நமக்கும் என்ன உறவு?’ என்று இளைஞர் வினவலாம். உறவு உண்டு. இதே ஐதராபாத்தில், பிரகதி நகரில், இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இருக்கின்றது. 1999-ஆம் ஆண்டில் தோன்றிய அம்மையம், செயற்கைக்கோள்கள் காட்டும் கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் ஆராய்ந்து, மீன் எங்கே திரளக்கூடும் என்று கணித்து, மீனவர்க்கு அறிவிக்கின்றது. நமக்கு அண்மையிலுள்ள உப்பலிலோ, நில அளவைத் துறையினர்க்குப் பயிற்சி தரும் நிறுவனம் இருக்கின்றது. ஒன்று மீன் இருக்கும் இடத்தைச் சொல்கின்றது. மற்றொன்று படத்தில் கோடு வரையும் கலையைக் கற்பிக்கின்றது. அந்த மீனும் அந்தக் கோடும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. அதுவே கச்சத்தீவைச் சூழ்ந்த பாக் நீரிணைக் கடல். அதைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

கச்சத்தீவு பெரிய நிலப்பரப்பு அன்று. அதன் பரப்பு 285 ஏக்கர். நீளம் ஒரு மைலுக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். குடிநீர் இல்லாத காரணத்தால் அங்கே நிலையான குடியிருப்பு இல்லை. இராமேசுவரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 33 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இலங்கையின் நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அங்குள்ள ஒரே வழிபாட்டிடம் புனித அந்தோணியார் கோயில். இராமநாதபுரம் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்னும் தமிழர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கட்டினார் என்பர். ஆண்டுதோறும் தவக்காலத்தில் நடைபெறும் திருவிழாவுக்கு இரு கரையினின்றும் மக்கள் படகேறிச் செல்வர். கொண்டான் கொடுத்தான் உறவினர் ஒருவரையொருவர் கண்டு நலம் வினவியதும், பண்டங்களை மாற்றிக்கொண்டதும் அத்தீவின் மணலில்தான். நடுக்கடலில் களைத்த மீனவன் கரையேறி இளைப்பாறியதும், வலையை உலர்த்தியதும் அங்கேதான்.

இத்தகைய சிறு தீவின்மீது இரு நாடுகள் உரிமை பாராட்டின. இராமநாதபுரம் ஜமீனின் குத்தகை ஆவணங்களில் இத்தீவு இடம்பெற்றிருந்தது. ஆதலின் இது நம்முடையது என்பது இந்தியத் தரப்பில் கூறப்பட்ட வாதம். யாழ்ப்பாண ஆட்சியின் வழிவந்த உரிமை தமக்கு உண்டு என்பது இலங்கைத் தரப்பின் வாதம். 1921-ஆம் ஆண்டில், இரு நாடுகளும் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தபோது, சென்னை மாகாண அரசின் சார்பாளரும் இலங்கை அரசின் சார்பாளரும் கொழும்பில் கூடி, மீன்பிடிப்புக்கான எல்லைக்கோடு ஒன்றைப் பற்றிப் பேசினர். அந்த ஏற்பாடு முறையாக ஒப்புதல் பெறவில்லை. ஒரே முடியின்கீழ் இருந்த இரு அலுவலகங்களுக்குள்ளேயே முடியாமற்போன வழக்கு, விடுதலை பெற்ற இரு நாடுகளின் கையில் மரபுச் சொத்தாக வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவூட்டுதல் வேண்டும். இந்தியாவும் இலங்கையும் இந்தத் தீவு ஒன்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை அதைவிடப் பெரிய வழக்காக இருந்தது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொள்வதென்று 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இசைந்தனர். மக்களை எண்ணிக்கையாகப் பகுத்த அந்த உடன்பாடு நிகழ்ந்து ஐந்து திங்கள் சென்றபின், அதே இரு தலைவர்களின் கையெழுத்தால் கடலும் பகுக்கப்பட்டது.

1974 ஜூன் 26-ஆம் நாள் கொழும்பிலும், ஜூன் 28-ஆம் நாள் புதுதில்லியிலும் அவ்வுடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தொலைவில் வரையப்பட்டது. தீவு இலங்கையின் பக்கம் சென்றது. எனினும், இந்திய மீனவரும் திருவிழாப் பயணிகளும் முன்போலவே தீவுக்குச் சென்று வரலாம் என்றும், அதற்குக் கடவுச்சீட்டோ நுழைவு அனுமதியோ வேண்டியதில்லை என்றும் 5-ஆம் பிரிவு கூறிற்று. இரு நாட்டுப் படகுகளும் மற்றதன் கடலில் மரபாகத் துய்த்து வந்த உரிமைகள் தொடரும் என்று 6-ஆம் பிரிவு கூறிற்று. படித்த கண்ணுக்கு இது ஆறுதல் தந்தது. ஆனால் 1976 மார்ச்சில், மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வரையப்பட்டபோது, இரு அரசுகளின் வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் மீன் பிடித்தலாகாது என்ற விதி இடம்பெற்றது. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வாட்ஜ் மேடு இந்தியாவுக்கு உரியதாயிற்று. அங்கிருந்து இலங்கையின் படகுகள் விலகிக்கொள்ள மூன்றாண்டு அவகாசமும் தரப்பட்டது. பாக் நீரிணையில் தலைமுறை தலைமுறையாக வலை வீசிய சிறு மீனவனுக்கோ அவ்வாறு ஓர் அவகாசமும் இல்லை. மாற்று வழியும் காட்டப்படவில்லை.

தமிழ்நாட்டின் மனம் அன்றே கசந்தது. 1974 ஆகஸ்டு 21-ஆம் நாள், முதலமைச்சர் மு. கருணாநிதி முன்மொழிந்த தீர்மானத்தின் வாயிலாகச் சட்டமன்றம் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. 2008-ஆம் ஆண்டில் ஜெ. ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2025 ஏப்ரலில் மு. க. ஸ்டாலின் முதலமைச்சராக இருந்தபோதும், தீவை மீட்கக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. ஒன்றோடொன்று முரண்பட்ட கட்சிகள் இந்த ஒன்றில் ஒரே குரலாய்ப் பேசியதிலிருந்து அக்கசப்பின் ஆழத்தை அறியலாம்.

அக்கசப்புக்குச் சட்டத்திலும் ஒரு வேர் உண்டு. நாட்டின் நிலத்தைப் பிற நாட்டுக்கு அளிப்பதாயின் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று பெருபாரி வழக்கில் 1960-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. கச்சத்தீவைப் பொறுத்தவரையில், ‘இது அளித்தல் அன்று, வழக்கிலிருந்த எல்லையைத் தெளிவாக்கியதே’ என்று நடுவணரசு கூறி, திருத்தமின்றியே காரியத்தை முடித்தது. அதே 1974-ஆம் ஆண்டின் மே மாதத்தில் வங்கதேசத்தோடு செய்துகொண்ட நில எல்லை உடன்படிக்கையோ வேறு வழியில் சென்றது. அது 41 ஆண்டுகள் காத்திருந்து, 2015-இல் 100-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வாயிலாக நிறைவேறியது. இந்தியாவின் 111 திட்டுகளும் வங்கதேசத்தின் 51 திட்டுகளும் கைமாறின. அங்கே வாழ்ந்த மக்களிடம் ‘எந்நாட்டுக் குடிமகனாக இருக்க விரும்புகின்றாய்?’ என்று கேட்டார்கள். கச்சத்தீவில் குடிமக்கள் இல்லை. ஆதலின் கேட்க எவரும் இல்லை என்று எண்ணினார்கள் போலும். தீவில் குடியில்லை என்பது உண்மை. தீவைச் சுற்றிய நீரில் குடியுண்டு என்பதை மறந்தார்கள்.

அந்த நீர்க்குடிகளின் கதை இரு கரைக்கும் உரியது. இந்தியக் கரையில் இயந்திரப் படகுகளும் இழுவை வலைகளும் அரசின் ஊக்கத்தால் பெருகின. இலங்கையில் 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. வடபுலத் தமிழ் மீனவர் கடலில் இறங்கத் தடை இருந்த அக்காலத்தில், நம் கரைப் படகுகள் அப்பாற்கடலில் மீன் தேடின. கடற்படையின் கையில் அடியுண்டவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. போர் ஓய்ந்தது. எல்லாவற்றையும் இழந்து மீண்ட யாழ்ப்பாண மீனவன் கடன் வாங்கி வலை வாங்கிக் கடலில் இட்டான். இரவில் வந்த இழுவைப் படகு அவ்வலையை அறுத்துச் சென்றது. கடலின் அடித்தரையைச் சுரண்டிச் செல்லும் இழுவை வலை, பெருமீனோடு குஞ்சையும் முட்டையையும் வாரிச் செல்கின்றது. 2017-ஆம் ஆண்டில் இலங்கை அவ்வகை மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடை செய்தது.

இங்கே நாம் நம் நெஞ்சோடு நேர்மையாகப் பேச வேண்டும். இராமேசுவரத்து மீனவன் சிறைப்பட்டான் என்ற செய்தி வரும்போது நம் உள்ளம் துடிக்கின்றது. துடிப்பது முறை. அவனுடைய படகு பறிபோகின்றது. அடகு வைத்த நகை மூழ்குகின்றது. வீட்டில் பெண்கள் கரையைப் பார்த்துக் காத்திருக்கின்றனர். ஆனால் வலை அறுபட்ட யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழன்தான். அவன் வீட்டிலும் நகை அடகில்தான் இருக்கின்றது. அவனுக்காகத் துடிக்க நாம் மறந்தால், நம் துடிப்பு பாதித் துடிப்பே. கச்சத்தீவு நாளையே நம் கைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். படகுகள் பிடிபடுவது தீவின் கரையில் மட்டும் அன்று. அதைக் கடந்து, நெடுந்தீவை அடுத்த கடலிலும் பிடிபடுகின்றன. கோடு சற்றுக் கிழக்கே நகரும். மோதலும் அதனோடு கிழக்கே நகரும். தீவைப் பற்றிய நம் மனக்குறை நியாயமானது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதனை மீனவனின் துயருக்கு முழு மருந்தென்று சொல்லி அவனை ஏமாற்றுவது மட்டும் கூடாது.

அவ்வாறாயின் மருந்து எங்கே? உலகில் வேறு கடல்களிலும் இத்தகைய வழக்குகள் இருந்திருக்கின்றன. ஐரோப்பாவின் வடகோடியில் பேரன்ட்ஸ் கடல் உள்ளது. நார்வேயும் அன்றைய சோவியத்து ஒன்றியமும் அக்கடலின் எல்லையைப் பற்றி ஏறத்தாழ 40 ஆண்டுகள் இணங்கவில்லை. வழக்கிலிருந்த பரப்பு ஏறத்தாழ 1,75,000 சதுரக் கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஒரு நாடு ஒரு படைக் கூட்டணியில்; மற்ற நாடு அதற்கு எதிரணியில். எனினும், 1970-களின் நடுப்பகுதியிலேயே இரு நாடுகளும் கூட்டு மீன்பிடி ஆணையம் ஒன்றை அமைத்தன. எவ்வளவு மீன் பிடிக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஆண்டுதோறும் கூடி முடிவு செய்தன. எல்லைக்கோடு பற்றிய உடன்படிக்கையோ 2010-இல்தான், ரஷ்யாவின் முர்மான்ஸ்க் நகரில் கையெழுத்தாயிற்று. அங்கே மீனுக்கு முதலில் வழி செய்தார்கள்; கோடு பின்னால் வந்தது. நம் கடலில் கோடு முதலில் வந்தது. மீனுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

நம் மீனவர்க்கு அந்த அறிவு புதிதன்று. இராமேசுவரம் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு கடலுக்குச் செல்லும்; மற்ற நாள்களில் நாட்டுப்படகு செல்லும். கடலில் கோடு போட இயலாதென்று கண்டு, நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2010-இலும், பின்னர் 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவர் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். 2016 நவம்பரில் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைக்க இசைந்தன. 2017-இல் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகுகள் வாங்க மானியம் தரும் திட்டம் தொடங்கப்பட்டது. வழி தெரியாமல் இல்லை. வழியில் விரைந்து நடப்பவர்தாம் வேண்டும். பேச்சு இடையில் அறுபடாமல் தொடர வேண்டும்.

‘வழக்குள்ள நாட்டோடு நட்பு எதற்கு?’ என்று சிலர் கேட்பர். நம் குடியிருப்பைப் பாருங்கள். அடுத்தடுத்த இரு வீட்டாருக்கு நடுச்சுவரைப் பற்றி வழக்கு இருக்கும். அரை அடி உன்னுடையதா, என்னுடையதா என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு நடக்கும். ஆயினும் ஒரு வீட்டில் நள்ளிரவில் நோயென்றால், மருத்துவமனைக்கு வண்டி பிடிக்க ஓடுபவர் அடுத்த வீட்டாரே. சுவர் வழக்குத் தீரும்வரை வாசற்கதவைச் சாத்திவைப்பேன் என்பவர் எவரும் குடியிருப்பில் வாழ இயலாது. நாடுகளுக்கும் அதுவே பொருந்தும். தூதுவர் இருப்பது இணக்கமுள்ள காலத்துக்காக மட்டும் அன்று. பிணக்குள்ள காலத்தில்தான் அவர் மிகுதியும் வேண்டப்படுகின்றார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது சென்றது இருவரும் பகைத்து நின்ற வேளையில் அன்றோ? வள்ளுவரும் அமைச்சனைப் பற்றிக் கூறும் இடத்தில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். சொல்லால் முடிவதை வில்லால் முடிக்க முனையாதவர் நம் முன்னோர்.

2022-ஆம் ஆண்டில் இலங்கை பொருள் முடையால் தள்ளாடியது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். இந்தியா அவ்வாண்டில் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனுதவியும் பிற உதவியும் அளித்தது. மீட்புத் தீர்மானம் இயற்றும் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாண்டு ஏப்ரலில் வேறொரு தீர்மானம் இயற்றியது. 40,000 டன் அரிசியும், 500 டன் பால்மாவும், உயிர்காக்கும் மருந்துகளும் இலங்கை மக்களுக்கு அனுப்ப விரும்புகின்றோம் என்பதே அத்தீர்மானம். மே மாதத்தில் முதற்கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. மனக்குறை மிகுந்த கரையிலிருந்தே சோறும் சென்றது. தமிழ்ப் பண்பு என்று நாம் மேடைதோறும் பேசும் பொருள், அன்று அரிசி மூட்டைகளாய்க் கப்பலேறியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியதும் இதனோடு எண்ணத்தக்கது.

ஆயினும் நட்பு மேலே நிற்க, புண் கீழே ஆறாதிருந்தால் அது நிலைக்காது. 2024 பிப்ரவரியில், மீனவர் சிறைப்பட்டதைக் கண்டித்து இராமேசுவரத்தார் அந்தோணியார் திருவிழாவுக்குச் செல்ல மறுத்தனர். கடவுச்சீட்டின்றிச் செல்லலாம் என்று உடன்படிக்கை அளித்த ஒரே உரிமை. அதைத் தாமே துறந்து தம் துயரை உலகுக்கு உரைத்தனர். மறுகரைக் கண்கள் அவ்வாண்டு உறவினரைத் தேடியிருக்கும். அடுத்த ஆண்டில் படகுகள் மீண்டும் சென்றன.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு எல்லை வழக்கு அறியாத பொருளன்று. தமிழரும் தெலுங்கரும் ஒரு காலத்தில் எல்லைக்காகப் பூசலிட்டவர்கள். படாஸ்கரின் பரிந்துரைப்படி, ஊர் ஊராக மக்களின் மொழியைப் பார்த்து எல்லை வகுத்து, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வேறு சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. ஒரே நாட்டின் இரு மாநிலங்களாதலால் அது எளிதாயிற்று என்பது மெய்தான். எனினும் இன்று தெலுங்கு மண்ணில் நாம் சங்கம் வைத்து விழா எடுக்கின்றோம்; அண்டை வீட்டுத் தெலுங்குத் தாய்மார் முன்வரிசையில் அமர்ந்து நம் குழந்தைகளின் ஆட்டத்தைக் காண்கின்றனர். ஊர்தோறும் மக்களின் மொழியைக் கேட்டு வகுத்த எல்லை, மனத்தில் வடுவாக நிற்பதில்லை.

ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்குக் கச்சத்தீவின் கதையை முழுமையாகச் சொல்லுங்கள். கோடு வரையப்பட்டபோது தமிழ்நாட்டின் மனம் கசந்தது என்பதையும் சொல்லுங்கள். கோட்டுக்கு அப்பால் அறுபட்ட வலையும் ஒரு தமிழ் வீட்டின் வலை என்பதையும் சொல்லுங்கள். நாளை அவர்களுள் ஒருவர் உப்பலில் நில அளவை கற்கலாம். ஒருவர் கடல்சார் மையத்தில் மீனின் திசையைக் கணிக்கலாம். ஒருவர் வெளியுறவுத் துறையில் அமர்ந்து உடன்படிக்கை எழுதலாம். எழுதுகோலை எடுக்கும்போது, அக்கோட்டின்மேல் படகோட்டி வாழ்பவரை முதலில் அழைத்துக் கேட்க வேண்டும் என்ற நினைவு அவர்களுக்கு இருக்குமானால், இன்று நாம் பேசியது வீண்போகாது.

 திரைக்குப் பின்னால் குழந்தைகள் காத்திருக்கின்றனர். இனி மேடை அவர்களுடையது.